விளிம்பில் வெட்டு விழுந்த முத்திரை

உங்கள் கடிதம் கிடைத்தது. அலமாரியில் இருக்கும் இரண்டு கம்பெனி முத்திரைகளில் ஒன்றின் விளிம்பு உடைந்திருக்கிறது, பார்க்க நன்றாக இல்லை, பெங்களூரில் முத்திரை வெட்டுகிறவர் ஒருவரைத் தெரியும், புதிதாகச் செய்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யாதீர்கள்.

அதே கடிதத்தின் கடைசியில் ஒரு குறையும் இருந்தது. மைசூர் சமஸ்தானத்தில் நாம் ஒரு துண்டு நிலம் வாங்குவதற்கு, மொரப்பூரிலும் பொம்மிடியிலும் இருக்கும் பங்குதாரர்களிடம் வூடு வூடாகப் போய்ச் சம்மதம் கேட்க வேண்டியிருக்கிறதே, இது என்ன வழக்கம், எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று. எந்தச் சட்டத்திலும் இல்லை. முத்திரையின் வெட்டுக்கும் இந்த வழக்கத்துக்கும் காரணம் ஒன்றுதான். அந்தக் காரணம் நான்.

முப்பது வயது தாண்டிச் சில வருஷம்தான் ஆகிறது, அதற்குள் ஓய்வா என்று நான் வேலையை விட்டபோது எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். கம்பெனிக் காரியதரிசியாக ஒரே நாற்காலியில் பத்து வருஷத்துக்கு மேல் உட்கார்ந்ததே எனக்கு ஆச்சரியம். எழுந்து போனவன் என்ற உரிமையில் இப்போது அந்த ஆபீசைப் பார்க்கும் உங்கள் மூவருக்கும் இதை எழுதுகிறேன். பத்திரம் எழுதுவது எப்படி, வில்லங்கம் பார்ப்பது எப்படி என்பதெல்லாம் ஆபீசிலேயே கற்றுக்கொள்வீர்கள். இதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள், ஏனென்றால் இது நடந்தபோது அந்த நாற்காலியில் இருந்தவன் நான் ஒருவன்தான்.

உலகச் சண்டைக்கு முந்தைய கதை இது. பத்துக் குடும்பங்கள் சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. சேலத்தில் படித்துவிட்டு வந்திருந்தேன். கம்பெனிச் சட்டப் புத்தகத்தை ரயிலில், பஸ்ஸில், ஏரிக்கரையில் நடந்துகொண்டே படித்தவன். எள் என்றால் எண்ணெயாக நிற்பான் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். எள் எந்தச் செக்கில் ஆடியது என்று நான் பார்ப்பதில்லை என்பதை யாரும் சொல்லவில்லை.

நம் ஜில்லாவில் புன்செய் நிலமும் ரயில் ஓரத்து மனைகளும் வாங்குவது, ஜோலார்பேட்டை தாண்டி மைசூர் சமஸ்தானத்தில் மாலூர் பக்கம் தோப்பு நிலம் வாங்குவது, இரண்டும் ஒரே கம்பெனியின் பெயரில். இதுதான் என் திட்டம். முதல் கூட்டத்திலேயே ஒரு கேள்வி வந்தது. கேட்டவர் பாப்பம்மா.

பாப்பம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்போது நாற்பது வயதிருக்கும். பொம்மிடி ஸ்டேஷன் ஓரத்தில் அவர் அப்பா எழுதிவைத்த நாலு ஏக்கரைக் கம்பெனிக்குக் கொடுத்து, அதற்கு ஈடாகப் பங்கு வாங்கியவர். நம்மிடம் இருந்த நிலத்தில் அதுதான் முதல் தரம். அதனால் டைரக்டர் ஆனார். எழுத்து தெரியாது, கைநாட்டுதான். கம்பெனி முத்திரையும் அவர் வூட்டில்தான் இருந்தது. மற்ற ஒன்பது குடும்பத்தாரும் ஒருவரை ஒருவர் நம்பமாட்டார்கள். பாப்பம்மாவிடம் எல்லாருக்கும் பயம். அதைவிட நல்ல இரும்புப் பெட்டி எங்கே கிடைக்கும்?

"அந்தப் பக்கம் ராசா. இந்தப் பக்கம் வெள்ளக்காரன். ரெண்டு எடத்துலயும் ஒரே கம்பெனி செல்லுமா தம்பி?"

"செல்லும்ங்க அக்கா. கம்பெனிங்கறது ஒரு ஆள் மாதிரி. ஒரு ஆளு ரெண்டு ஊர்ல நெலம் வச்சிருக்கறதில்லைங்களா?"

"வச்சிருக்கலாம். ஒரே சமயத்துல ரெண்டு ஊர்ல நிக்க முடியாதில்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தலைவர் சென்னப்பர், "பாப்பு, தம்பி படிச்சவன், வுடு" என்றார். தீர்மானம் நிறைவேறியது.

இரண்டாம் வருஷம் மாலூர் பக்கம் பதினைந்து ஏக்கர் வாங்கியிருந்தோம். நல்ல மண், தண்ணீர் இல்லை. பக்கத்தில் ஏரிக்கால்வாய் ஓரமாக ராமையா என்பவருக்கு மூன்று ஏக்கர். தெலுங்கு பேசுகிறவர், தமிழும் வரும், சிரித்த முகம். நம் மேட்டு நிலத்தில் ஆறு ஏக்கரை அவருக்குக் கொடுத்து, கால்வாய் ஓரத்து மூன்று ஏக்கரை நாம் வாங்கிக்கொள்வது என்று பேசி முடித்தேன். பணம் கைமாறாமல் நிலத்துக்கு நிலம். இரண்டு தரப்பும் எழுதிக்கொடுக்கும் பத்திரம் என்பதால் கம்பெனி முத்திரை வேண்டும். ராமையா பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்தார்.

இங்கே பொம்மிடியில், பாப்பம்மா கொடுத்த நிலத்திலிருந்து ஒரு துண்டைக் கடலைக் குடோன் கட்டுகிற ஒருவருக்கு விற்பதாக இருந்தோம். அதற்கும் முத்திரை வேண்டும். அவரும் பஞ்சாங்கம் பார்த்தார்.

சர்க்கார் இரண்டு. பஞ்சாங்கம் ஒன்றுதானே. அந்த மாதத்தில் நல்ல முகூர்த்தம் ஒரே ஒரு நாள்.

வேறு யாராக இருந்தாலும் ஒருவரிடம் கெஞ்சி நாளை மாற்றியிருப்பார்கள். நான் சட்டப் புத்தகத்தைத் திறந்தேன். வெளி ராஜ்யத்தில் தொழில் செய்கிற கம்பெனி அங்கே பயன்படுத்த இன்னொரு முத்திரை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. அந்த வரியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். கம்பெனி விதிகளில் அதற்கு அனுமதி எழுதியிருக்க வேண்டும், அந்த முத்திரையின் முகத்தில் அது எந்த ராஜ்யத்துக்கு என்று பெயர் வெட்டியிருக்க வேண்டும் என்பதெல்லாம் அதே பிரிவில் கீழே இருந்தது. சேலத்துக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

சேலத்தில் முத்திரை வெட்டுகிறவர் நல்ல கைக்காரர். பழைய பத்திரத்தில் இருந்த பதிவைக் காட்டினேன். பித்தளையில், அதே வட்டம், அதே எழுத்து, அதே மரப்பிடி. "மயிரிழை மாறலைங்க" என்று கொடுத்தார். நானும் அதைத்தான் விரும்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கூட்டம் போடுவார்கள், கூட்டம் போட்டால் முகூர்த்தம் போய்விடும்.

முகூர்த்த நாளுக்கு முந்தின சாயங்காலம் நானும் சென்னப்பரும் மாலூருக்குக் கிளம்பினோம். பாப்பம்மா மொரப்பூர் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார்.

"முத்திரை எங்கிட்ட இருக்குது. நாளைக்கு நீ அங்க எத வச்சுப் போடுவ?"

"ஏற்பாடு பண்ணியாச்சுங்க அக்கா."

"என்ன ஏற்பாடு?"

வண்டி நகர்ந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காக அந்த வண்டியை அன்று நான் மனதார வாழ்த்தினேன்.

இரண்டு பத்திரமும் ஒரே நாளில் முடிந்தன. கால்வாய்த் தண்ணீர் நம் நிலத்துக்குள் வந்தபோது சென்னப்பர் அதில் இறங்கி நின்று முகம் கழுவினார். ஒரு வருஷம் நான் தரையில் நடக்கவில்லை.

பிறகு ராமையாவின் அண்ணன் மகன் மைசூர் சமஸ்தானக் கோர்ட்டில் வழக்குப் போட்டான். கால்வாய் ஓரத்து நிலத்தில் தனக்கும் பங்கு உண்டு, பரிவர்த்தனை செல்லாது, பயிர் நஷ்டமும் கொடுக்க வேண்டும் என்று. அவன் வக்கீல் சூட்டிகையானவர். தீர்ப்பு கிடைத்தால் எதிலிருந்து வசூல் செய்வது என்று தேடி, நம் கம்பெனிக்கு இந்தப் பக்கம் என்ன சொத்து இருக்கிறது என்று பார்த்திருக்கிறார். பொம்மிடி நிலம் கண்ணில் பட்டது. அதில் குடோன்காரருக்கு எழுதிக்கொடுத்த பத்திரத்துக்கு நகல் எடுத்தார். தேதியைப் பார்த்தார்.

நோட்டீஸில் கேள்வி எளிமையாக இருந்தது. ஒரு கம்பெனிக்கு ஒரு முத்திரை. அது ஒரே நாளில் பொம்மிடிப் பத்திரத்திலும் மாலூர்ப் பத்திரத்திலும் எப்படி விழுந்தது? இரண்டில் எது பொய்? காரியதரிசி பத்து நாளில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும்.

நோட்டீஸை இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை படிக்கும்போதுதான் உறைத்தது. அங்கே நாம் தோற்று நஷ்டம் கட்டச் சொன்னால், அதற்கு இங்கே பாப்பம்மா கொடுத்த நாலு ஏக்கரில் விற்றது போக மீதி பதில் சொல்ல வேண்டும். ஆள் ஒருவன் என்று நான்தானே சொன்னேன்? வலது கை செய்ததற்கு இடது கையிலும் விலங்கு பூட்டலாம்.

அப்போதும் நான் உட்காரவில்லை. ரயில்வே அட்டவணையை எடுத்தேன். காலையில் ரிஜிஸ்தர் ஆபீஸ் திறந்ததும் பொம்மிடிப் பத்திரத்தை முடித்து, முத்திரையை வாங்கிக்கொண்டு பகல் வண்டியைப் பிடித்து, ஜோலார்பேட்டையில் மாறினால், மாலூரில் ஆபீஸ் மூடுவதற்குள் போய்விடலாம். இருபது நிமிஷம் மிச்சம்கூட இருந்தது. சென்னப்பரும் நானும் முந்தின நாளே போனதை யார் பார்த்தார்கள்? முத்திரையை ஸ்டேஷனில் என்னிடம் கொடுத்ததாகப் பாப்பம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கே என் மூளை மேல் ஆசை வந்தது.

பாப்பம்மா களத்தில் இருந்தார்; கம்பெனிக்குக் கொடுத்த நிலத்தில் இன்னும் அவர்தான் பயிர் வைத்துவந்தார். கேழ்வரகு தூற்றி முடித்து அம்பாரம் குவித்திருந்தார்கள். அம்பாரத்தின் மேல் சாம்பல் தூவி, மரக்கட்டையால் சுற்றிலும் குறி போட்டுக்கொண்டிருந்தார். யாராவது ஒரு கை அள்ளினாலும் குறி கலைந்துவிடும். நான் நோட்டீஸை விளக்கினேன். அட்டவணையைக் காட்டினேன். அவர் குறி போடுவதை நிறுத்தவில்லை.

"அன்னிக்குக் குடோன்காரரோட சாட்சி வரவே மத்தியானம் ஆயிப்போச்சு" என்றார். "நான் முத்திரை குத்தறப்ப மணி மூணு. ஆபீஸ் வாசல்ல கொய்யா வித்தவகிட்டக் கேளு. ஏழு பழம் தின்னேன், உக்காந்து உக்காந்து."

அட்டவணையில் கொய்யாக்காரி இல்லை.

"இத எங்கிட்ட ஏன் சொல்லலைங்க?"

"நீ கேட்டியா?"

பிறகு கட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "முத்திரை என் மடியில இருந்துச்சு. அங்க நீ எத வச்சுக் குத்துன?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுந்து வூட்டுக்குள் போய்த் தன்னிடம் இருந்ததையும் கொண்டுவந்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டையும் அம்பாரத்துச் சாம்பலில் பக்கத்தில் பக்கத்தில் அழுத்தினார்.

"இதுல எது என்னுது, சொல்லு."

குனிந்து பார்த்தேன். முட்டி போட்டுப் பார்த்தேன். தெரியவில்லை.

"உனக்கே தெரியல. கோர்ட்டுக்காரனுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. மரக்கட்டையை எடுத்துக் காட்டினார். "என் தங்கச்சி களத்துக்கும் இதே கட்டதான். ஒரே மரத்துல செஞ்சது. அவுளுதுல ஓரத்துல ஒரு வெட்டு இருக்கும். வெட்டு இல்லாம ரெண்டாவது கட்ட செஞ்சா அதுக்கு என்ன பேரு தெரியுமா எங்கூர்ல? திருட்டுக் கட்ட."

"கெணத்துல போட்டுடறேங்க அக்கா."

"போடு. நம்ம கெணத்துலதான் கெடக்கும்."

கோழி ஒன்று அம்பாரத்தை நோக்கி வந்தது, விரட்டினார்.

"ரெண்டு பத்திரத்துல எது நெசம்?"

"உங்க முத்திரை போட்டதுதாங்க. பொம்மிடிது."

"அப்ப அது?"

கால்வாய் ஓரத்து மூன்று ஏக்கர் போனால் மீதி நிலத்தில் கொள்ளுதான் விதைக்கலாம். கம்பெனியில் நான் செய்த ஒரே பெரிய காரியம் அது. ஆனால் மாலூரைக் காப்பாற்ற ஒரு பொய் சொன்னால், அது கோர்ட்டில் உடைகிற நாளில் பொம்மிடியும் சேர்ந்து போகும். அந்த நிலத்தைத் தவிர எதிரில் நிற்கும் அந்தப் பெண்ணுக்கு வேறு சொத்து இல்லை. அங்கே வழக்கு வந்தால் தன் கொல்லையும் மாட்டும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

"அது செல்லாதுங்க" என்றேன்.

"அப்ப அப்பிடியே எழுது."

பிரமாணப் பத்திரத்தை மூன்று முறை எழுதினேன். முதலில், முத்திரை செய்தவர் அடையாளம் வெட்ட மறந்துவிட்டதாக எழுதினேன். அவரிடம் நான் சொல்லவே இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் கிழித்தேன். இரண்டாவதை, "கம்பெனியால் அவசரத்தில் இரண்டாவது முத்திரை செய்யப்பட்டது" என்று ஆரம்பித்து, பாப்பம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"கம்பெனின்னா யாரு?" என்றார். "ஆளு மாதிரின்னு சொன்னியே, அந்த ஆளா சேலத்துக்கு பஸ் ஏறிப் போனாரு?"

மூன்றாவது தடவை "நான்" என்று ஆரம்பித்தேன். ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. அந்த ஒரு பக்கத்துக்காக இரண்டு நாள் வீணாக்கியிருந்தேன்.

கோர்ட்டில் இரண்டு முத்திரைகளையும் மேஜை மேல் வைத்தேன். எதிர் வக்கீல் பெரிய கேள்விப் பட்டியலோடு வந்திருந்தார், மடித்து வைத்துக்கொண்டார். பரிவர்த்தனை ரத்தானது; நான் செய்த முத்திரையைக் கோர்ட்டே வைத்துக்கொண்டது. அவரவர் நிலம் அவரவருக்கு. பயிர் நஷ்டத்தை அவர்கள் கேட்காமல் விட்டார்கள்; அவர்களும் நம் மேட்டு நிலத்தில் ஒரு வெள்ளாமை எடுத்திருந்தார்கள். ஜட்ஜ் என்னைப் பார்த்துச் சொன்ன இரண்டு வாக்கியங்களை இங்கே எழுத மாட்டேன். வெளியே வந்ததும் ராமையா, "சார், என் நெலம் எனக்கு வந்துச்சு. நீங்க குடுத்த வாக்கு எங்கே வந்துச்சு?" என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

பொம்மிடி நிலத்தை யாரும் தொடவில்லை.

ஊருக்குத் திரும்பி ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். பாப்பம்மா அதைக் கையில் வாங்கி, "என்ன எழுதியிருக்குது?" என்று சென்னப்பரைக் கேட்டார். அவர் சொன்னார். "கைவுட்டுப் போன கால்வாய யாரு திருப்பிக் கொண்டாறது? இவனேதான் கொண்டாரணும். பைய வச்சிட்டு உக்காரச் சொல்லு மாமா" என்றார். கடிதம் அடுப்புக்குப் போனது.

அந்தக் கூட்டத்தில் சென்னப்பர், அந்தப் பக்கத்துக்குத் தனிக் கம்பெனி வைத்துவிடலாம் என்றார். நியாயமான யோசனை, இன்றும் நியாயம்தான். பாப்பம்மாதான் வேண்டாம் என்றார். "இன்னொரு கம்பெனின்னா இன்னொரு கூட்டம். இந்தத் தம்பி ரெண்டு பங்கு பேசுவான். ஒண்ணே இருக்கட்டும். ஆனா அங்க வாங்கறதுக்கு முன்னாடி, இங்க நெலம் குடுத்தவங்க வூட்டு வாசல்ல வந்து நின்னு சொல்லணும். அங்க தப்பாப் போச்சுன்னா உன் கொல்லையும் போவும், சரியான்னு கேக்கணும். சரின்னாதான் வாங்கணும்."

உங்களை நடக்க வைக்கிற வழக்கம் இதுதான். ஒரே கம்பெனி நல்லதா, ஊருக்கு ஒரு கம்பெனி நல்லதா என்று நீங்கள் வாதம் செய்வீர்கள், நானும் செய்திருக்கிறேன். ஒன்றாக இருந்தால் வேலை சுருக்கம், ஆபத்து பெருக்கம். அந்த ஆபத்து யார் வாசலில் போய் நிற்குமோ, அவரிடம் முன்கூட்டியே போய் நின்று சொல்லிவிட்டீர்களா என்று மட்டும் பாருங்கள். இதுவரை மூன்று முறை "வேண்டாம்" என்று பதில் வந்திருக்கிறது. மூன்று முறையும் நாம் வாங்கவில்லை. அதில் ஒன்று மிக நல்ல நிலம். இன்னும் எனக்கு வருத்தம்தான்.

ராமையா குடும்பம் பாகம் பிரித்துக்கொண்ட பிறகு, அவரே ஆள் அனுப்பினார். அவர் பங்குக்கு வந்தது ஒன்றரை ஏக்கர், கால்வாய் மடையோடு. மறுபடி பரிவர்த்தனை. இந்த முறை கூட்டம் போட்டு, விதியைத் திருத்தி, முறைப்படி இரண்டாவது முத்திரை செய்யச் சொன்னேன். முகத்தில் நடுவே "மைசூர்" என்று வெட்டியிருந்தது. சட்டம் கேட்ட எல்லாமும் இருந்தது. பெருமையோடு பாப்பம்மா கையில் கொடுத்தேன்.

தன் முத்திரையை ஒரு கையிலும் இதை ஒரு கையிலும் வைத்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் இரண்டின் முகத்தையும் தடவினார்.

"எல்லாம் சரியா இருக்குதுங்க அக்கா. பேரு வெட்டியிருக்குது பாருங்க."

"படிக்கறவனுக்கு இருக்குது" என்றார். "பத்து டைரக்டர்ல ஏழு பேரு கைநாட்டு. எங்களுக்கு எங்க இருக்குது?"

அன்று மாலையே கொல்லர் பட்டறைக்குப் போனோம். அரத்தால் விளிம்பில் ஒரு வெட்டு, கட்டைவிரல் நகம் உட்காரும் அளவுக்கு. பாப்பம்மா பக்கத்திலேயே நின்று, போதும் என்று அவர் விரலுக்குத் தெரியும் வரை தேய்க்கச் சொன்னார்.

அந்த வெட்டைத்தான் நீங்கள் உடைசல் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதும் டைரக்டர்களில் நாலு பேர் கைநாட்டு. அடுத்த மைசூர்ப் பத்திரத்துக்கு அந்த முத்திரையை எடுக்கும்போது, மையில் தொடுவதற்கு முன்னால் அவர்கள் கையில் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். விரல் விளிம்பைச் சுற்றி வரும். வெட்டில் வந்து நிற்கும். அதற்குப் பிறகு குத்துங்கள்.